யாரும் ஊற்றாத பழுப்பு

பிறந்தவுடன் எல்லாக் குழந்தையும் அழும். இவள் அழவில்லை. பிரசவம் பார்த்த நர்ஸை மேலும் கீழும் பார்த்தாள், கட்டிலில் கிடந்த அம்மாவைப் பார்த்தாள், இரண்டு பேரில் தனக்கு உரியவள் யார் என்று முடிவு செய்த பிறகுதான் வாயைத் திறந்தாள் என்று அவள் வீட்டில் சத்தியம் செய்து சொல்வார்கள். பூமி உருண்டை என்று பாடம் நடத்திய ஆசிரியையிடம், "நீங்க போய்ப் பாத்தீங்களா டீச்சர்?" என்று கேட்டு ஒரு வாரம் வகுப்புக்கு வெளியே நின்றாள். கல்யாணம் பேசியபோது மாப்பிள்ளையிடம் ஒரே கையெழுத்தை மூன்று தரம் போடச் சொல்லி, மூன்றையும் வெளிச்சத்தில் பிடித்து ஒப்பிட்டாள். அவர் தையல் மிஷின் ரிப்பேர் பார்ப்பவர், பொறுமைக்காரர். எதற்கும் இருக்கட்டும் என்று நாலாவதாக ஒன்றும் போட்டுக் கொடுத்தார்.

இப்படிப்பட்டவளுக்கு எந்த வேலை கிடைக்க வேண்டுமோ அதுவே கிடைத்தது. பதினான்கு தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீர் குழாய் வழியாக வந்து சேரும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் அவள் சோதனைக்கூடக்காரி. உள்ளே வருகிற தண்ணீரில் ஒரு பாட்டில், வெளியே போகிற தண்ணீரில் ஒரு பாட்டில். தினமும் இரண்டையும் எடுத்து, வந்தது எங்கே போனது என்று விசாரிப்பதுதான் உத்தியோகம். இருபத்திரண்டு வருடமாகச் சம்பளம் கொடுத்து அவளைச் சந்தேகப்படச் சொல்லியிருந்தார்கள். அங்கே அவளுக்குப் பெயர் பூதக்கண்ணாடி. முகத்துக்கு நேரே யாரும் கூப்பிட்டதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும். தெரியாமல் இருக்குமா?

அந்த இடத்தின் நாற்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். காக்காய்கள் சுற்றுச்சுவர் வரை நேராக வந்து, அங்கிருந்து வளைந்து போகும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரின் மூக்கு மூன்றாம் நாள் ராஜினாமா செய்துவிடும். ஆள் மட்டும் தொடர்ந்து வருவார். தோலிலிருந்து கழன்ற முடி, கொழுப்பு, சதைத் துணுக்கு, சுண்ணாம்பு, உப்பு, தோலை ஊறவைத்த மரப்பட்டைச் சாறு, எல்லாம் ஒன்றாகிச் சாம்பல் நிறத்தில் வரும். சல்லடையில் முடி நிற்கும், படிவுத் தொட்டிகளில் கனமானது தங்கும், மிச்சம் ஐந்தாம் தொட்டிக்குப் போகும். அந்தத் தொட்டிதான் நிலையத்தின் வயிறு. அடியிலிருந்து ப்ளோயர் காற்றை ஊதிக்கொண்டே இருக்க, அடுப்பில்லாமல் கொதிக்கிற மாதிரி இருபத்துநாலு மணி நேரமும் குமுறும். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா கோடி கோடியாகக் குடியிருந்து, கரைந்து வருகிற அழுக்கைத் தின்னும். அறிக்கையில்தான் பாக்டீரியா. வாய்ப்பேச்சில் பூச்சி.

ஐந்தாம் தொட்டியைப் பார்த்துக்கொண்டவர் அவளுடைய தங்கை வீட்டுக்காரர். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவள்தான். நிலையத்துக்குள்ளேயே அவருக்கு இரண்டு அறைக் குவார்ட்டர்ஸ். தங்கையும் ஒன்றரை வயதுப் பெண் குழந்தையும் அங்கேதான் இருந்தார்கள். பூச்சிகளைப் பற்றி அவர் பேசுவதைக் கேட்டால் மாட்டுப் பண்ணைக்காரர் என்று நினைக்கத் தோன்றும். "நேத்து எவனோ உப்பை அதிகமா விட்டுட்டான்கா, இதுங்க சரியா சாப்பிடல, முகமே வாடிப்போச்சு" என்பார். முகமில்லாத பிராணிக்கு முகம் வாடியதைக் கண்டுபிடிக்கும் மனிதரை எப்படி நம்புவது என்று அவளுக்கு அப்போதே ஒரு எண்ணம்.

அந்த வருடம் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரியின் உத்தரவுப்படி மாதிரிகள் ஒரு வெளி ஆய்வகத்துக்குப் போயின. அங்கே புதிதாக ஒரு மிஷின் வாங்கியிருந்தார்கள். தண்ணீரின் மேல் ஒருவகை ஒளியைப் பாய்ச்சினால், அதில் கரைந்திருப்பவை இனத்துக்கு ஒரு விதமாக மினுங்கிக் காட்டிக்கொடுத்துவிடுமாம். வந்த அறிக்கை ஒற்றைத் தாள். மேனேஜர் அதை அவள் மேசையில் வைத்துவிட்டு, வயிற்றெரிச்சல் மாத்திரை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்.

"படிச்சுப் பாருங்கம்மா. எனக்குப் புரியல. அதிகாரிக்குப் புரிஞ்சிடுச்சு. அதான் பயமா இருக்கு."

உள்ளே வரும் நீரில் புரதம் நிறைய இருந்தது. தோலும் சதையும் கரைந்தது, சரி. வெளியேறும் நீரில் புரதம் அநேகமாக இல்லை. பூச்சி தின்றது, அதுவும் சரி. மூன்றாவது வரியில் அவள் விரல் நின்றது. செடி கொடி மட்கினால் உண்டாவது போன்ற பழுப்புப் பொருள் ஒன்று வெளியேறும் நீரில் இருந்தது. உள்ளே வந்ததைப் போல இரண்டு மடங்கு.

"தின்னா குறையணும் சார். இது கூடியிருக்கு."

"அதைத்தான் அதிகாரியும் எழுதியிருக்கார். நடுவுல என்னத்தைச் சேக்கறீங்க, பதினஞ்சு நாளுக்குள்ள பதில் சொல்லுங்க, இல்லேன்னா நிலையத்தை நிறுத்துவேன்னு."

அவளுக்கு விளக்கம் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பழுப்பு என்றால் மரப்பட்டைச் சாறு. எந்தத் தொழிற்சாலையோ தனக்கு அனுமதித்த அளவுக்கு மேல் வழிந்த சாற்றைக் குழாயில் விடாமல், திருட்டுத்தனமாகத் தொட்டியிலேயே கொண்டுவந்து கொட்டுகிறது. உள்ளாள் இல்லாமல் அது முடியாது. தொட்டிப் பக்கம் நாள் முழுக்க நிற்பவர் ஒருவர்தான்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் காலி பாட்டிலோடு பம்ப் அறைக்குப் பின்னால் போய் நின்றாள். தங்கை வீட்டுக்காரர் சைக்கிளில் வந்தார். பின்சீட்டில் சாக்கு சுற்றிய பிளாஸ்டிக் கேன். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், கம்பிவேலியைத் தாண்டிக் கேனைச் சாய்த்தார். கொழகொழவென்று பழுப்பாக ஏதோ தொட்டியில் விழுந்தது.

"என்ன மாப்பிள்ளை, கேன்ல?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒண்ணுமில்லக்கா. தண்ணி."

"தண்ணிக்குள்ள தண்ணி ஊத்தறீங்களா?"

"நுரை அடங்கட்டும்னு..."

"அடங்கிச்சா?"

அவர் கேனைக் கழுவப் போனார். கழுவுகிற கையில் இருந்த அவசரத்தை அவள் மனதில் குறித்துக்கொண்டாள்.

அன்று மாலை புகார் எழுத உட்கார்ந்தபோது கணவர் ஒரு மிஷினின் வயிற்றைத் திறந்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டேன். பொய் சொன்னார்."

"ஊத்தினது பட்டைச் சாறுதான்னு பாத்தியா?"

"ஊத்தினதைப் பாத்தேன்."

"நான் கேட்டது அதில்ல" என்றார் அவர், ஊசியை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தபடி. அவள் எழுதி முடித்துக் கையெழுத்தும் போட்டாள்.

விசாரணையில் தங்கை வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. கேனில் என்ன என்று மூன்று தரம் கேட்டார்கள்; மூன்று தரமும் தரையைப் பார்த்தார். பேசாதவனுக்குக் குற்றவாளி என்று பெயர் வைப்பது எல்லா அலுவலகத்திலும் சுலபம். வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். பதினைந்து நாள் கெடு முடிவதற்குள் வேறு காரணம் தெரியாவிட்டால் நீக்கம். நீக்கினால் அன்றே குவார்ட்டர்ஸையும் காலி செய்ய வேண்டும்.

தங்கை அன்று சோதனைக்கூடத்து வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஊர்ல அவனவன் மொட்டைக் கடுதாசி எழுதுவான். நீ பேரு போட்டு எழுதியிருக்க. எங்க வீட்டைக் காலி பண்ண அவ்வளவு பெருமையா?"

"ஒளிஞ்சு எழுதறது தப்புடி."

"ஒளிஞ்சு நின்னு பாக்கறது மட்டும் தப்பில்லையாக்கா?"

குழந்தை பெரியம்மாவிடம் தாவக் கையை நீட்டியது. தங்கை அதன் கையை மடக்கிக்கொண்டு போய்விட்டாள்.

இங்கேதான் வினை ஆரம்பித்தது. குற்றவாளி வீட்டில் உட்கார்ந்திருக்க, ஐந்தாம் தொட்டியில் வேறு ஆள் நிற்க, வெளியேறும் தண்ணீரின் பழுப்பு மட்டும் அப்படியே இருந்தது. ஒரு நாள் பார்த்தாள், இரண்டு நாள் பார்த்தாள். நிறம் அளக்கும் கருவி அதே எண்ணைக் காட்டியது. சரி, புது ஆளும் கூட்டு என்று அவரைக் கண்காணித்தாள். அவர் தொட்டிக்குள் போட்டது ஒரே ஒரு பீடித் துண்டு. பம்ப்காரரை விசாரித்தாள். காவலாளியின் சாப்பாட்டுப் பையைத் தூக்கிப் பார்த்தாள். மேனேஜர் தொட்டி ஓரமாக நடந்தபோது பின்னாலேயே நடந்தாள், அவர் திரும்பிப் பார்த்து, "என்னையுமா?" என்று கேட்டு மாத்திரையைத் தேடினார். நாலாம் நாள் யாரும் மிச்சமில்லை. கடைசியில் தன்னையே சந்தேகப்பட்டு, தன் பாட்டில்களைத் தானே கழுவி முகர்ந்து, கருவிக்குள் ஊற்றிய நல்ல தண்ணீரைக்கூடச் சோதித்தாள். அவள் சுத்தமாகத்தான் இருந்தாள்.

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துத் தொட்டித் தண்ணீர்ச் சொட்டு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அது தட்டியது. பஞ்சுத் திரள் போலப் பூச்சிக் கூட்டம். அதைச் சுற்றி ஓடும் சற்றே பெரிய பிராணிகள், கூட்டத்திலிருந்து பிய்த்துப் பிய்த்துத் தின்றன. எல்லோரையும் விசாரித்தோம், தொட்டிக்குள்ளேயே குடியிருக்கும் கோடிப் பேரை ஒரு வார்த்தை கேட்கவில்லையே. தின்கிறவர்கள், தின்கிறவர்கள் என்றுதான் இருபத்திரண்டு வருடமாக நினைத்தோம். தின்றது எல்லாம் எங்கே போகிறது? கொஞ்சம் மூச்சாகிக் காற்றோடு போகும். கொஞ்சம் உடம்பாகிக் கசடாகப் படியும். அவ்வளவுதானா? தின்பவர்கள் எச்சில் விடமாட்டார்களா, சாகமாட்டார்களா, செத்த உடம்பு கரையாதா?

அப்படியென்றால் கேன்? சாயங்காலம் குவார்ட்டர்ஸுக்குப் போனாள். கூடத்தில் பாத்திரங்கள் அட்டைப்பெட்டியில் ஏறியிருந்தன. தங்கை உள்ளறைக்குப் போய்விட்டாள். அவர் மட்டும் ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

"மாப்பிள்ளை, கேன்ல என்னன்னு எனக்குச் சொல்லுங்க. சொல்லாம நான் எழுந்திரிக்க மாட்டேன்."

"நீங்க எழுந்திரிக்கலேன்னா ஸ்டூலை எப்படிக்கா பேக் பண்றது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "போன மாசம் ஒரு மத்தியானம் கண் அசந்துட்டேன். ப்ளோயர் நின்னுபோச்சு, கவனிக்கல. மூணு மணி நேரம் காத்தில்ல. பூச்சி பாதி செத்துப்போச்சு, தொட்டியே கறுத்துப்போச்சு. டவுன் சாக்கடை நிலையத்துல என் கூட்டாளி ஒருத்தன் இருக்கான். அங்கேருந்து பூச்சி உயிரோட இருக்கற கசடைக் கேன்ல கொண்டுவந்து விதை மாதிரி அப்பப்ப விட்டுக்கிட்டிருந்தேன். சொன்னா என் தூக்கமும் தெரிஞ்சுடும், அவன் வேலையும் போயிடும்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"உங்ககிட்டயா?" என்றார் அவர். சிரிக்கத்தான் பார்த்தார், வரவில்லை.

அவர் சொன்னதை அவள் நம்பவில்லை. நம்பாமலும் இல்லை. சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தாள்.

மறுநாள் வீட்டுக்கு இரண்டு கண்ணாடி ஜாடி வந்தன. ஒன்றில் தொழிற்சாலைகளிலிருந்து வந்த கழிவுநீர் மட்டும். இன்னொன்றில் அதே கழிவுநீரோடு ஐந்தாம் தொட்டிக் கசடு இரண்டு கரண்டி. அதிலும் பழைய பழுப்பு ஒட்டியிருக்கலாம் என்று நல்ல தண்ணீரில் மூன்று தரம் அலசிய கசடு. இரண்டுக்கும் மீன்தொட்டிக்குக் காற்று விடும் சின்ன மோட்டார். துணி அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்து உள்ளே வைத்து, பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். கதவு இடுக்கில் தன் தலைமுடி ஒன்றை ஒட்டினாள், யாராவது திறந்தால் அறுந்து காட்டிக்கொடுக்க.

"இந்த வீட்ல நாம ரெண்டு பேர்தான்" என்றார் கணவர்.

"அதனாலதான்."

மூன்று நாள் அலமாரி புளுபுளுவென்று பேசியது. அந்த வாடையில் மாடி வீட்டுக்காரர் பிளம்பரை வரவழைத்தார். பிளம்பர் கட்டடம் முழுக்கத் தட்டிப் பார்த்துவிட்டு, கோளாறு குழாயில் இல்லை, ஜனங்களிடம்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். கணவர் அலமாரிக்குப் பக்கத்துக் கொடியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு போன சட்டையின் வாடை தாங்காத வாடிக்கையாளர் ஒருவர், மிஷினைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாலாம் நாள் முடி அறுபடாமல் இருப்பதைப் பூதக்கண்ணாடி வைத்தே பார்த்துவிட்டுத் திறந்தாள். கசடில்லாத ஜாடி கொஞ்சம் பழசாகியிருந்தது, அவ்வளவுதான். கசடு போட்ட ஜாடியில் கலங்கல் தெளிந்து, கெட்ட வாடை போய், மழைக்குப் பிறகு மண்ணில் வருகிற வாடை வந்திருந்தது. தெளிந்த தண்ணீரின் நிறம் மட்டும் மெல்லிய பழுப்பு.

வடிகட்டி, ஆரம்பத்தில் எடுத்து வைத்திருந்த மாதிரியையும் சேர்த்து, அந்த வெளி ஆய்வகத்துக்குக் கொண்டுபோனாள். பாட்டில்களில் விவரம் எழுதவில்லை, வெறும் எண்தான். ஆய்வகத்தையும் நம்புவதற்கில்லை என்று ஒரு பாட்டிலில் குழாய்த் தண்ணீரைப் பிடித்துக் கலந்து வைத்தாள். மறுநாள் அங்கிருந்த பெண் போன் செய்தாள்.

"அக்கா, மூணாம் நம்பர் பாட்டில் வெறும் குழாய்த் தண்ணிதானே? தப்பா எடுத்து வந்துட்டீங்களா?"

"பரவாயில்ல, நீங்க நல்ல பொண்ணு. மத்ததைச் சொல்லுங்க."

கசடு போட்ட ஜாடியில் புரதம் காணாமல் போயிருந்தது. மட்குப் பழுப்பு இரண்டு மடங்கு ஆகியிருந்தது.

மேனேஜர் கேட்டுவிட்டு வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். "பூச்சிதான் பண்ணுதுன்னு எழுதினா அதிகாரி சிரிப்பார்மா. ஒரு ஆள் பேரை எழுதினா கோப்பு மூடிடும். அந்தப் பேரை நீங்கதான் குடுத்தீங்க."

"நான்தான் குடுத்தேன். இப்ப திருப்பிக் கேக்கறேன்."

அதிகாரியை அவளே போய்ப் பார்த்தாள். குட்டையான மனிதர். மேசையில் பேனாவைக்கூட நூலில் கட்டி வைத்திருந்தார். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, காகிதங்களைப் புரட்டி, ஒரே கேள்வி கேட்டார்.

"நிறுத்தி வெச்ச ஆள் உங்க தங்கச்சி புருஷன்தானே?"

"ஆமா சார்."

"ஜாடி இருந்தது உங்க வீட்டு அலமாரி. சாவி உங்க கழுத்து. நான் ஏன் நம்பணும்?"

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இத்தனை வருடத்தில் சரியான கேள்வி கேட்ட முதல் மனிதர். "நம்பாதீங்க சார்" என்றாள். "தண்ணியை நீங்களே பிடிங்க. கசடை நீங்களே அள்ளுங்க. உங்க ரூம்ல வெச்சு உங்க சீல் போட்டுப் பூட்டுங்க. நான் அந்தத் தெருப் பக்கமே வரமாட்டேன்."

"வரமாட்டீங்கன்னு எப்படி நம்பறது?"

"ஆள் போட்டுக்கோங்க."

அவர் ஆளும் போட்டார். ஒரு ப்யூன் நாலு நாள் அவள் வீட்டெதிரில் நின்று, அவள் எப்போது வெளியே போகிறாள் என்று எழுதிக்கொண்டான். முதல் நாள் அவள் அவனை உற்றுப் பார்த்தாள். இரண்டாம் நாள் அவன் எழுதியது சரியாக இருக்கிறதா என்று கேட்டு வாங்கிப் பார்த்து, ஒரு இடத்தில் நேரத்தைத் திருத்திக் கொடுத்தாள்.

கெடுவின் பதினாலாம் நாள் அதிகாரி மேனேஜரையும் அவளையும் தங்கை வீட்டுக்காரரையும் வரவழைத்துத் தன் கையாலேயே சீலை உடைத்தார். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்த ஜாடியில் அதே மெல்லிய பழுப்பு. அவர் அறையில், அவர் பூட்டுக்குள், யாரும் ஊற்றாத பழுப்பு. முகர்ந்து பார்த்தார். இன்னொரு தரம் முகர்ந்து பார்த்தார்.

"பூச்சி தின்னு மிச்சம் வெச்சதா இது?"

"இல்ல சார். மிச்சம்னா வந்ததுலயே இருந்திருக்கணும். இது தின்ன பிறகு உண்டானது. தோல்ல இருந்து வந்தது வேற, இது வேற. உள்ள வந்த தண்ணியைத் தேடி வெளிய போற தண்ணியில பாத்தா கிடைக்காது."

கோப்பில் இரண்டு வரி எழுதினார். பிறகு பேனாவைப் பிடித்தபடி தலை தூக்கினார். "சரி. கேன்ல என்ன?"

தங்கை வீட்டுக்காரர் எழுந்து நின்றார். ப்ளோயர் நின்ற மத்தியானத்தையும் தன் தூக்கத்தையும் சொன்னார். கசடு எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. அதிகாரி அவளைப் பார்த்தார். அவளுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விஷயம் தெரிந்தும், எழுதிக் கொடுக்காமல், ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

தூங்கியதற்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வேலை திரும்பக் கிடைத்தது. வீடும்.

அன்று மாலை குவார்ட்டர்ஸுக்குப் போனபோது கூடம் நிறைய பெட்டிகள், கயிறு கட்டி, நாளைக்கு வண்டியில் ஏறத் தயாராக. தங்கை கத்தரிக்கோலை அவள் கையில் கொடுத்தாள். வா என்று சொல்லவில்லை.

"ஒவ்வொண்ணாப் பிரி. உன் கண்ணாலயே பாத்து, உன் கையாலயே அந்தந்த இடத்துல வை. அப்புறம் எதுவும் எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்காத."

அக்கா தரையில் உட்கார்ந்தாள். முதல் பெட்டியில் டம்ளர்கள், இரண்டாவதில் குழந்தையின் துணி. எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். குழந்தை தத்தித் தத்தி வந்து மடியில் ஏறியது. இந்த முறை தங்கை மடக்கிப் பிடிக்கவில்லை. மூன்றாவது பெட்டி அளவுக்கு மீறிக் கனத்தது. காதோரம் வைத்து லேசாகக் குலுக்கினாள்.

"இதுல என்னடி?"

"பிரிச்சுப் பாரு" என்றாள் தங்கை, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அவள் பிரித்துப் பார்த்தாள். தோசைக்கல்லும் இரும்புச் சட்டியும்தான்; எடுத்து அடுப்பு மேல் வைத்தாள்.